சீறும் பாம்பு கையிற் பழகுமா?

பாம்பைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலில் வாசகரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், தேநீரும் கையுமாகப் பத்திரிகையை விரித்து அமர்ந்திருக்கும் குடும்பத்தினருக்கு இஃது உவப்பான விஷயமன்று என்பதை நான் அறிவேன். என் இல்லத்தரசியே, இக்கட்டுரைக்காக மேசையிற் பரப்பி வைத்திருந்த படங்களைக் கண்டு, "இதுகளை இராச்சாப்பாட்டுக்கு முன்னம் எடுத்துவிடுங்கோ" என்று கூறிவிட்டு அப்பாற் போனாள். ஆயினும், மாசி மாதந் தொடங்கிப் பங்குனி முடியும்வரை எங்கள் அப்புத்தளையில் ஒரு மலைப்பாம்பின் காரணமாக நான் கற்றுக்கொண்டவை சில உள. பாடஞ் சொல்வதையே தொழிலாகக் கொண்டவன் தான் கற்றதை ஒளித்து வைப்பது முறையன்று. அதிலும், நான் செய்த ஒரு பிழையும் இதிற் கலந்திருக்கிறபடியால் அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்குப் போகும் பாதை வாசகரிற் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பளிச் சட்டை வேண்டிய ஊரிலிருந்து விசிறி வேண்டிய ஊருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்தப் பாதையாற் கீழ்நாட்டு விறகை ஏற்றிக்கொண்டு மேலே வந்த லொறியொன்றில், விறகுக் கட்டைகளுக்கிடையே மூன்றரை அடி நீளமான ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. விறகு இறக்கியவர்கள் கம்பைத் தேடி ஓடினார்கள். லொறிச் சாரதியின் மருமகன், என்னிடம் விலங்கியல் படிக்கும் மாணவன், அவர்களைத் தடுத்து, அது விஷமில்லாத மலைப்பாம்பு என்று சொல்லிச் சாக்கொன்றிற் பிடித்துப் போட்டுக்கொண்டு தன் லயத்துக்குக் கொண்டு போய்விட்டான். பழைய தேயிலைப் பெட்டி ஒன்று அதற்கு வீடாயிற்று.

மூன்று நாள் கழித்துப் பாடசாலை விடும் நேரத்தில் அவன் என்னிடம் வந்து தயங்கி நின்றான். வலது கையில் ஊசியாற் குத்தியது போன்ற சிறு சிவப்புப் புள்ளிகள் பிறை வடிவில் இருந்தன.

"சேர், நம்ம வீட்ல ஒரு பாம்பு வச்சிருக்கேன். நல்லா சாப்பாடு குடுத்துப் பார்த்துக்கிறேன். ஆனா கை வச்சாப் போதும், சீறிக்கிட்டுக் கடிக்க வருது. அதை எப்படி சேர் பழக்குறது?"

அப்போது நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி ஒன்று உண்டு. அதை நான் சொல்லவில்லை. அது பின்னால் வரும்.

மலைப்பாம்பு என்று நாம் வழங்கும் இந்தப் பிராணியை மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பகுதியினர் வெங்கிணாந்தி என்பர்; சிங்களத்திற் பிம்புரா. 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயசு என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டுவிட்டார். பெயரில் மலை இருக்கிறதேயன்றி, இலங்கையில் இது பெரும்பாலும் வெப்பமான கீழ்நாட்டுக் காடுகளிலும் குளக்கரைகளிலும் வாழ்வது. எங்கள் பனிமலைக்கு உரியதன்று. மலை என்ற சொல் அதன் இருப்பிடத்தைவிட அதன் பருமனையே குறித்து வந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பத்தடி நீளமானவை சாதாரணம். இருபதடியை எட்டுபவை மிக அரிது. நச்சுப் பல் இல்லை. உள்நோக்கி வளைந்த கூரிய பற்கள் வரிசையாக உண்டு. இரையைக் கவ்வியதும் உடலாற் சுற்றி இறுக்கிக் கொல்லும். எலும்பை நொறுக்கியும் மூச்சைத் திணற வைத்துமே கொல்கிறது என்றுதான் என் மாணவப் பருவத்துப் புத்தகங்கள் கூறின. இதே வழியில் இரை கொல்லும் போவா என்ற அமெரிக்கப் பாம்பை வைத்து 2015இல் வெளியான ஆராய்ச்சி வேறு விதமாகக் கூறுகிறது: அந்த இறுக்கத்தில் இரையின் இரத்தவோட்டமே சில விநாடிகளில் நின்றுபோகிறதாம். வாலின் அடியில், மலவாயிலுக்கு இருபுறமும் சிறு நகம் போன்ற இரண்டு முனைகள் இருக்கும். பாம்பின் மூதாதையர்க்குப் பின்னங்கால்கள் இருந்தமைக்கு எஞ்சிய சாட்சி அவை. பரிணாமத்தைப் படிக்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் வேறில்லை.

நம் புராணங்களில் இப்பிராணிக்கு நல்ல இடமும் உண்டு, தீய இடமும் உண்டு. இந்திர பதவி ஏறிச் செருக்குற்ற நகுஷன் முனிவரின் சாபத்தால் மலைப்பாம்பாகிக் காட்டிற் கிடந்து, வீமனையே சுற்றிப் பிடித்த கதை வனபருவத்தில் வருகிறது. பதினாயிரம் யானை பலங் கொண்டவன் அசைய முடியாமற் கிடந்தான்; தருமர் வந்து பாம்பின் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே விடுதலை. பலத்தால் வெல்ல முடியாததைப் பொறுமையாற் கேட்டறிந்து வென்ற அக்கதையை நான் அந்த மாணவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வீமன் அதைத் திடீர்னு மிதிச்சிருப்பான் சேர்" என்றான். வியாசர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பையனின் கண் சரியான இடத்திற் பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஏனெனில், மலைப்பாம்பு மனிதனைக் கடிப்பது கோபத்தாலன்று, பயத்தால். அதிலும் குட்டிக்கே பயம் அதிகம். கீரி, உடும்பு, கழுகு, காட்டுப்பன்றி என்று காட்டிலுள்ள பாதிப் பிராணிகள் அதைத் தின்னக் காத்திருக்கின்றன. மேலிருந்து இறங்கும் எந்த நிழலும் அதற்குக் கழுகின் நிழலே. ஆகவே கழுத்தை வளைத்துப் பின்னுக்கிழுத்து, உடலிற் காற்றை நிரப்பிச் சீறி, வாயைத் திறந்து பாய்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் மலவாயிலிருந்து துர்நாற்றமுள்ள நீரைப் பீச்சும். நான் முதன்முதல் அந்த லயத்துக்குப் போன அன்று என் வேட்டிக்கு அந்த மரியாதை கிடைத்தது. மூன்று தரம் துவைத்தும் வாடை போகவில்லை.

பையனின் தாயார் கொழுந்து மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தகப்பன் கொழும்பில் வேலை. "சேர் வந்து நல்லதாப் போச்சு. இந்தப் பாம்பைக் கொண்டு போயிருங்க சேர். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. சின்னப் புள்ள இருக்கிற வீடு" என்றார். வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும், அதன் முன்னே ஓர் அடுப்படியும். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று தேயிலைப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பின்னும் நான் பாம்பைக் கொண்டு போகவில்லை. பெட்டிக்குக் கம்பி வலையும் கொண்டியும் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறு வாரம் பையன் மலர்ந்த முகத்தோடு வந்தான். "பழகிடுச்சு சேர்! காலையில எடுத்தா ஒண்ணுமே செய்யல. கையிலேயே சுருண்டு கிடக்கு. சாயந்திரந்தான் கொஞ்சம் முறைக்குது." அவன் ஓர் அப்பியாசக் கொப்பியில் நாள்தோறும் எழுதி வந்தான். எத்தனை தரம் சீறியது, எத்தனை தரம் பாய்ந்தது என்று காலை, மாலை இரண்டு நேரக் கணக்கு. காலைப் பக்கம் முழுவதும் பூச்சியம். மாலைப் பக்கத்தில் ஒன்பது, பதினொன்று, ஏழு. அவனுடைய முடிவு, பாம்புக்குக் காலையில் நல்ல குணம் என்பது.

அக்கணக்கைக் கண்டதும் எனக்குச் சிறிது வெட்கமாயிற்று. குளிரிரத்தப் பிராணிகளைப் பற்றி ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். மறுநாள் விடியற்காலை வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். 14 பாகை செல்சியசு! கீழ்நாட்டுப் பாம்பு அந்தக் குளிரிற் கடிக்க விரும்பினாலும் கடிக்க இயலாது. தசைகள் விறைத்துப் போயிருக்கும். பையன் சாந்தம் என்று எண்ணியது வெறும் மரமரப்பு. மாலையில் அடுப்பெரிந்து அறை சூடேறியதும் அதற்குத் தன் பயம் நினைவுக்கு வந்தது. இன்னுஞ் சொல்லப்போனால், அவன் ஊட்டிய எலி அதன் வயிற்றிற் கிடந்து செரிக்காமல் அழுகிவிடும் அபாயமும் இருந்தது. இத்தகைய குளிரில் நாட்பட வைத்தாற் சளி கட்டி, வாயிற் கோழை ஒழுகி, நுரையீரல் நோயினால் மலைப்பாம்பு இறந்துபோவதுண்டு.

வெப்பம் இந்தப் பாம்பின் வாழ்க்கையில் எத்துணை முக்கியம் என்பதற்கு ஓர் அழகிய செய்தி உண்டு. மலைப்பாம்பின் தாய் முட்டைகளைக் குவித்து, தன்னுடலை அவற்றைச் சுற்றிக் கூம்பு போலச் சுருட்டி, தலையை உச்சியில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கும். அக்காலத்தில் உணவை நாடாது. சூழல் குளிர்ந்தால் உடற்றசைகளை விட்டுவிட்டுத் துடிக்கச் செய்து தானே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். குளிரிரத்தப் பிராணி அடைகாக்கிறதென்றால் யார் நம்புவார்? 1841ஆம் ஆண்டில் வலென்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலார் பாரிசு நகரத்துத் தோட்டத்தில் அடைகாத்துக் கிடந்த பாம்பின் மடிப்புகளுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்து, சுற்றுப்புறத்தைவிட அங்கே வெப்பம் மிகுந்திருப்பதைக் காட்டினார். அந்தத் துடிப்பினாலேயே வெப்பம் பிறக்கிறது என்பதை 1966இல் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலைப் பாம்பொன்றை ஆராய்ந்தவர்கள் உறுதிப்படுத்தினார்கள். லயத்து அடுப்படியில் இக்கதையைச் சொன்னபோது, அதுவரை மூலையில் முகஞ் சுளித்திருந்த பையனின் தாயார் மெல்ல அருகில் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசம் சாப்பிடாமலா?" என்றார். அதற்கு மேல் ஒன்றுஞ் சொல்லவில்லை. அன்று மாலை, சாக்கிற் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று பெட்டியின் ஒரு பக்கத்தில் இருந்தது.

இனி, பழக்கும் முறைக்கு வருவோம். பாம்பு வளர்க்கச் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலும், மிருகக்காட்சிச்சாலைகளிலும் இதற்கென்றே அனுபவத்தால் வந்த முறை ஒன்று உண்டு. முதல் விதி, ஒன்றுஞ் செய்யாதிருத்தல். புதிய இடத்துக்கு வந்த பாம்பை ஒரு வாரமாவது, இரண்டு வாரமானால் இன்னும் நல்லது, தொடவே கூடாது. உடல் முழுவதும் நெருக்கமாகப் பதுங்கிக்கொள்ள ஒரு சிறு பொந்து வேண்டும். ஒளிந்துகொள்ள இடமிருக்கும் பாம்புக்கே வெளியே வரும் துணிவு உண்டாகும். நாள்தோறும் எடுத்து எடுத்துப் பிடித்தால் விரைவிற் பழகும் என்று நம்மவர் எண்ணுவது தவறு. பையன் முதல் வாரத்திற் செய்தது அதுவே.

இரண்டாவது, கடி இருவகை என்பதை உணர வேண்டும். பயக்கடி ஒன்று, பசிக்கடி மற்றொன்று. பயக்கடியிற் பாம்பு கொத்திவிட்டு உடனே விட்டுவிடும். பசிக்கடியிற் கவ்விக்கொண்டு கையைச் சுற்றத் தொடங்கும். மலைப்பாம்பின் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் வரிசையாக உண்டு. இருளிலும் சூடான உடல் எங்கிருக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். நாவை நீட்டி நீட்டி எடுத்து மணத்தை மேல்வாயிலுள்ள ஓர் உறுப்பிற் சேர்த்து அறியும். எலியைத் தொட்ட கையில் எலி மணம். கையோ சூடாக இருக்கிறது. பாம்பு வேறென்ன நினைக்கும்? பையன் எலிப்பொறியைக் கழுவிய கையோடேயே பாம்பைத் தூக்கிக் கடி வாங்கியிருக்கிறான். (அந்த எலியும் நஞ்சு தின்ற எலியாக இருந்தால் பாம்பின் கதி என்ன என்பது வேறு விஷயம்.) ஆகவே தொடுவதற்கு முன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும்; தொட்ட பின்னுங் கழுவுதல் வேண்டும். ஊர்வனவற்றின் உடலில் வயிற்றுக் கடுப்பை உண்டாக்கும் கிருமிகள் இருக்கும். சிறு குழந்தையுள்ள வீட்டில் இது விளையாட்டன்று.

மூன்றாவதாக, பாம்புக்கு இது உணவு நேரமன்று என்று அறிவிக்கும் ஒரு சைகை. வழவழப்பான ஒரு கம்பினால், அல்லது சுருட்டிய கடதாசியினால், உடலின் நடுப்பகுதியை மெதுவாகத் தடவிவிட்டுப் பின்னரே கையை நீட்ட வேண்டும். சில வாரங்களில் அந்தத் தடவலின் பொருள் அதற்கு விளங்கிவிடுகிறது. கை மேலிருந்து இறங்கக்கூடாது. பக்கத்திலிருந்து, தாழ்வாக வரவேண்டும். தலையைப் பிடிக்கக்கூடாது. உடலின் பாரத்தை இரண்டு இடத்திலாவது தாங்கி, அது தன் விருப்பப்படி ஊர்ந்து செல்ல விடவேண்டும். இறுக்கிப் பிடித்த கை, பாம்பின் கணக்கில், அதை உண்ண வந்த கை. முதலில் இரண்டு நிமிடம், பின்னர் ஐந்து, பின்னர் பத்து. அது சீறிக்கொண்டிருக்கும் போது பயந்து கீழே வைத்துவிட்டால், சீறினால் விட்டுவிடுவார்கள் என்பதை அது கற்றுக்கொள்ளும். அமைதியான ஒரு கணத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். இரை உண்ட பின் இரண்டு நாள் தொடலாகாது; தொட்டாற் கக்கிவிடும். சட்டை உரிக்கும் காலத்திற் கண்கள் பால் படர்ந்தது போல மங்கிவிடும். அப்போது கண் தெரியாத பாம்புக்குப் பயம் இரட்டிப்பு. அக்காலத்திலும் விலகியிருப்பதே மரியாதை. தப்பித் தவறிக் கவ்விவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் இழுத்தாற் சதை கிழியும். பல்லும் முறிந்து உள்ளே தங்கும்.

இதனால் வருவது அன்பா என்று பையன் கேட்டான். நாய் வளர்த்தவர் எல்லாரும் இக்கேள்வியைக் கேட்பர். அன்பென்று சொல்லுதற்கு எனக்குச் சான்று தெரியவில்லை. இந்த மணமும் இந்தச் சூடும் வந்தால் தீங்கு வருவதில்லை என்று அது கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு பிராணி தன் பயத்தை விடுவது சிறிய காரியமன்று என்பது என் கருத்து. பாம்பாட்டிகளுட் பலர் நாகத்தின் பல்லைப் பிடுங்கி, அல்லது வாயைத் தைத்து, அதையும் பழக்கம் என்று காட்டிக் காசு வாங்குவர். அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம்.

இவ்விடத்தில், எங்களூரைப் போன்ற இன்னொரு மலையூரின் நினைவு வருகிறது. அமெரிக்காவிற் பிறந்து 1951இற் சிறுவனாக இந்தியாவுக்கு வந்த ரோமுலசு விற்றேக்கர் என்பவர் கொடைக்கானலில் விடுதியிலிருந்து படித்த காலத்தில், கட்டிலுக்கடியில் ஒரு மலைப்பாம்பை வைத்திருந்தார். விடுதிப் பொறுப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தச் சிறுவரே பின்னாளிற் சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976இல் முதலைப் பண்ணையையும் தொடக்கிவைத்தார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின் பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோக, அதையே பிழைப்பாகக் கொண்டிருந்த இருளர் பசிக்கு ஆளானார்கள். 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உண்டாவதற்கு அவரே துணை நின்றார். அவர்கள் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடும் பாம்புகளின் நஞ்சிலிருந்தே இந்தியாவின் பாம்புக்கடி மருந்து பெரும்பாலும் ஆக்கப்படுகிறது.

பழகிய பாம்பைப் பராமரிக்க முடியாமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு பெரிய சாட்சி உண்டு. அதிலும் நம் தமிழர் இருவர் வருகின்றனர். பர்மாவிலும் அதன் அயல்நாடுகளிலும் வாழும் மலைப்பாம்புக் குட்டிகளை அமெரிக்கர் பல்லாயிரக்கணக்கில் வாங்கி வீட்டில் வளர்த்தனர். கைக்குள் அடங்கிய குட்டி சில ஆண்டுகளிற் பத்தடி, பன்னிரண்டடி ஆயிற்று. தெற்கு புளோரிடாவிற் சிலர் அவற்றைச் சதுப்பு நிலத்திற் கொண்டுபோய் விட்டனர். புயலிற் கூடுகள் உடைந்து தப்பியவையும் உண்டு என்பர். அங்கே அவை பெருகின. 2012இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அப்பகுதியில் இராக்கூன் என்ற சிறு விலங்கு வீதியோரங்களிற் காணப்படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்க அரசு அப்பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. 2017இல், வேறு வழியின்றி, தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவரை வரவழைத்தார்கள். புல் வளைந்த விதத்தையும் சேற்றில் விழுந்த தடத்தையும் படித்து, முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள் அவ்விருவரும். அவற்றுள் ஒன்று பதினாறடி. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மசிறீ விருது வழங்கிற்று. பள்ளிக்கூடப் படிப்பால் வாராத அறிவுக்கும் பட்டம் உண்டு என்பதில் ஆசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சியே.

அந்த இரண்டு பேரின் கதையை வகுப்பிற் சொல்லிக்கொண்டிருந்த நாளில், கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், நம்ம நாட்டுல மலைப்பாம்பு வளர்க்க அனுமதி இருக்கா?" என்று கேட்டாள். கேட்டவளுக்குப் பெட்டியிலிருந்த பாம்பைப் பற்றித் தெரியாது. பெட்டிக்காரன் முன் வாங்கிலிருந்து என் முகத்தைப் பார்த்தான்.

அனுமதி இல்லை. மலைப்பாம்பு இலங்கைச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும், கொல்வதும், வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். இந்தியாவிலும் அவ்வாறே. முதல் நாள் நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதும், சொல்லாது விட்டதும் இதுதான். அவனுக்குத் தெரிந்திராமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். அவனுடைய ஆர்வத்தை அணைத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கொப்பியில் எண்கள் குறைந்து வருவதைக் காண எனக்கே ஆசை. வெப்பம் ஒழுங்கான பின், இரண்டு வாரம் தொடாமல் விட்டு, மீண்டும் தொடங்கியபோது மாலைக் கணக்கு ஆறு. பிறகு நான்கு. பிறகு இரண்டு. பங்குனி நடுப்பகுதியிற் பூச்சியம். அதுவும் 29 பாகைச் சூட்டில். எந்த ஆசிரியனுக்கு மனம் வரும், அங்கே நிறுத்த?

வகுப்பிலேயே விடையைச் சொன்னேன். மாலையில் அவனோடு லயத்துக்கு நடந்து போனேன். வழி நெடுகிலும் அவன் பேசவில்லை. கடைசியில், "அடிச்சிருந்தா அன்னைக்கே செத்திருக்கும் சேர். நான் காப்பாத்தினேன்" என்றான். அது உண்மை. அவ்வாறு காப்பாற்றிய அன்றைக்கே வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவித்திருந்தால் அவன் செய்தது முழுமையாக இருந்திருக்கும் என்றேன். "நீங்க சொல்லலியே சேர்" என்றான். அதுவும் உண்மை. அவனுடைய தாயார் என் பக்கம் சேர்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அடுப்பைப் பார்த்தபடியே, "கொண்டு போறவங்க பத்திரமாக் கொண்டு போவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தொலைபேசியில் நானே அறிவித்தேன். பாம்பு யாரிடம், எவ்வளவு காலம் இருந்தது என்பதையும், அதில் என் பங்கு என்ன என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு நாளில் உத்தியோகத்தர் இருவர் வந்தனர். மூத்தவர் சிங்களவர், பண்பான மனிதர். எச்சரித்தார், எழுதிக்கொண்டார், தேநீர் குடித்தார். பின்னர் தம் கொக்கியை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். பாம்பு சீறவில்லை. தலையை உயர்த்தி நாவை நீட்டிப் பார்த்தது. பையன் பக்கத்திலிருந்து கையைத் தாழ்வாக நீட்ட, அவன் மணிக்கட்டிற் சுற்றிக்கொண்டு முழங்கைவரை ஏறிற்று. பையனின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமையை அந்த மனிதரும் கவனித்திருக்க வேண்டும். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "தம்பி, நீ நன்றாகத்தான் பழக்கியிருக்கிறாய். அதுதான் சங்கடம்" என்றார். மனிதன் வந்தால் ஓடாத பாம்பு சேனைக் காட்டில் எத்தனை நாள் உயிரோடிருக்கும்? அதைத் தொடாமல், மனிதர் முகம் காட்டாமற் சில காலம் வைத்திருந்து, அது மறுபடி சீறத் தொடங்கிய பின்னரே கீழ்நாட்டுக் காட்டில் விடப் போவதாக விளக்கினார். பையன் சாக்கின் வாயைத் தானே கட்டிக்கொடுத்தான்.

தேயிலைப் பெட்டியில் இப்போது விறகு இருக்கிறது. சின்னப் பெண் அதன்மேல் ஏறி உட்கார்ந்து முன்போலவே கால்களை ஆட்டுகிறாள். சித்திரை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில் அந்த உத்தியோகத்தர் எனக்குத் தொலைபேசியிற் பேசினார். நான் பையனை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். அவன் புத்தகப் பையிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்து, பங்குனியோடு நின்றிருந்த பக்கத்தைப் புரட்டி, திகதி இட்டு எழுதினான்: "கூட்டைத் திறந்தவுடன் மூன்று தரம் சீறியது. இரண்டு தரம் பாய்ந்தது. விட்டுவிட்டார்கள்."